சில்லு வைத்த அலுமாரிகள்

எங்கள் கிளை நூலகத்தைத் திருத்திக் கட்டப்போகிறார்கள் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிறவர். அந்த நூலகத்துக்குப் பொறுப்பான நூலகர் நான்.

"மிஸ், லைப்ரரிய ஒடைக்கப் போறாங்களாமே. நேத்து வந்து அளந்துட்டுப் போனாங்க" என்றார். முதல்நாள் நான் லீவில் நின்றிருந்தேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தபோது இரண்டு வருடத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். பிறகு கணவருக்கும் இங்கேயே வேலை கிடைத்தது, பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போனார்கள், மாற்றம் கேட்கும் எண்ணமே விட்டுப்போயிற்று. என் பேச்சு மட்டும் மாறவில்லை. நான் "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்துக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

நூலகம் சரிவில் இருந்தது. முன்வாசல் வீதியிலிருந்து சில படி மேலே, பின்சுவர் பள்ளத்தைப் பார்த்தபடி. இரண்டு அறைகள். ஒன்றில் இரவல் கொடுக்கும் புத்தகங்கள், மற்றதில் பத்திரிகை மேசையும் வாசிக்கும் கதிரைகளும். நடுவில் ஒரு தடித்த சுவர். கூரைத் தகரம் ஒழுகும். மழை பெய்தால் வரலாற்றுப் புத்தக அலுமாரிக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பது என் உதவியாளரின் வேலை. அவர் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் முப்பது வயது கடந்த மனிதர். "மிஸ், இந்தக் கூரையத் திருத்தினா எனக்கு வேலயே இல்லாமப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே ஏணியை எடுப்பார்.

ஆகவே திருத்த வேலை தேவை என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கூரையை மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, மின்விளக்குகளைப் புதிதாகப் போடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் நூலகத்தை நடத்தும் உள்ளூராட்சிச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மடிக்கணினியைத் திறந்து காட்டிய படத்தில் நடுச்சுவர் இல்லை. இரண்டு அறைகளும் சேர்ந்து ஒரு பெரிய மண்டபமாக இருந்தன. அதில் மேடை, மடிக்கும் தடுப்பு, அடுக்கி வைக்கக்கூடிய கதிரைகள், ஓரத்தில் ஒரு சிறிய சமையலறை.

அவர் ஓர் இளம் சிங்களப் பெண். சேறு படிந்த சப்பாத்துடன் வருவார், சுருக்கமாகப் பேசுவார். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"புத்தகங்கள் எங்கே?" என்று கேட்டேன்.

"சில்லு வைத்த அலுமாரிகளில். நிகழ்ச்சி இருக்கும்போது சுவரோரம் உருட்டித் தள்ளிவிடலாம். இல்லாதபோது நடுவுக்குக் கொண்டுவரலாம்."

"நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் புத்தகம் எடுக்க வருகிறவர்கள் என்ன செய்வது?"

"மிஸ், நான் சில நாட்கள் வந்து உட்கார்ந்து பார்த்தேன். வருகிறவர்கள் பத்திரிகை பார்க்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் பாடக் கொப்பிகளைக் கொண்டுவந்து படிக்கிறார்கள். அலுமாரிப் பக்கம் போனவர்கள் குறைவு. இவர்களுக்கு இடம்தான் வேண்டியிருக்கிறது."

அது உண்மை. எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணமும் அதுதான். அந்தக் கோபத்தில் படத்தை உற்றுப் பார்த்தபோது தமிழ்ப் புத்தகங்களுக்குக் கழிவறைக்குப் பக்கத்து மூலை ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் பேசினேன். அவர் மறுக்கவேயில்லை. விசையை இரண்டு தரம் தட்டினார், தமிழ்ப் பகுதி பள்ளத்தைப் பார்க்கும் ஜன்னலோரம் போய் நின்றது. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது.

வேலை முடியும்வரை நூலகத்துக்கு ஓர் இடம் வேண்டும். வீதிக்கு எதிர்ப்புறத்தில் ஒரு துணிக்கடை பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரரை எல்லோரும் ஹாஜியார் என்று அழைப்பார்கள். சீனி வருத்தத்தால் காலில் புண் வந்து, சத்திர சிகிச்சை செய்து, கடையை மூடிவிட்டு மேல்மாடியில் மனைவியோடு இருந்தார். ஆறு மாதத்துக்கு என்று சபை கேட்க, அவர் சம்மதித்தார். நானும் உதவியாளரும் ஒரு பகுதிப் புத்தகங்களை மட்டும் கொண்டுபோனோம். மீதி பெட்டிகளில் அடைபட்டுச் சபையின் களஞ்சியத்துக்குப் போனது.

துணி அடுக்கும் தட்டுகளில் புத்தகங்களை அடுக்கினோம். உடுத்திப் பார்க்கும் சிறிய அறை என் அலுவலகமாயிற்று. கடையின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆளுயரக் கண்ணாடிகள் இருந்தன. அவற்றைக் கழற்ற முடியாது என்றார்கள். பத்திரிகை வாசிக்கிறவர்கள் நிமிர்ந்தால் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே தெரியும். சிலர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள்.

ஆறு மாதம் என்றது நடக்கவில்லை. பழைய கட்டடத்தின் கூரையைக் கழற்றி, நடுச்சுவரை உடைத்து முடித்த நேரத்தில் நாடே கடனில் விழுந்தது. சீமெந்து விலை ஏறியது, பிறகு சீமெந்தே கிடைக்கவில்லை. ஒப்பந்தக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கூரையில்லாத நூலகத்துக்குள் இரண்டு மழைக்காலம் பெய்தது. சுவர் வெடிப்புகளில் பன்னச் செடி முளைத்தது. காலையில் கடையைத் திறக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஹாஜியாரின் மனைவியை முதல் மாதத்தில் நான் கண்டதேயில்லை. மாடியில் அவரது குரலும் பாத்திரச் சத்தமும் கேட்கும், அவ்வளவுதான். கரண்ட் வெட்டு தொடங்கிய பிறகுதான் கீழே வந்தார். வீட்டின் மெயின் சுவிட்ச் கடைக்குள் இருந்தது. கரண்ட் வரும்போது அது விழுந்துவிடும். பின்கதவால் வந்து, ஒரு தடியால் அதைத் தள்ளி உயர்த்திவிட்டுப் போவார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மெலிந்தவர், படபடவென்று நடப்பார். அக்கம்பக்கத்து முஸ்லிம் பெண்கள் அக்கா என்ற முறையில் "ராத்தா" என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

ஒருநாள் சுவிட்சைத் தள்ளிவிட்டுத் திரும்பியவர் தட்டில் இருந்த ஒரு மெல்லிய புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"இது என்ன மிஸ், ரோட்டு போர்டெல்லாம் போட்டு ஈக்குது?"

"அது வீதிச் சைகைப் புத்தகம் ராத்தா. லைசென்ஸ் சோதினைக்குப் படிக்கிறது."

"பொம்புளைகளும் எடுக்கிறாங்க தானே இப்ப?"

"ஓம், நிறையப் பேர் எடுக்கினம்."

"ஏன்ட வயசுலயும் ஏலுமா?"

"கண் தெரிஞ்சால் சரி. வயசு போனதெண்டு ஒருத்தரும் திருப்பி அனுப்ப மாட்டினம்."

புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் கரண்ட் வெட்டு இல்லாத நேரத்தில் வந்து அதைக் கேட்டார். அவருக்கு அங்கத்துவ அட்டை போட்டுக் கொடுத்தேன். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இந்த நூலகத்தை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், உள்ளே ஒருதரமும் வந்ததில்லை என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "வேல ஒன்டும் இருக்கல்லயே" என்றார்.

இப்போது வேலை இருந்தது. ஹாஜியாரின் காலுக்கு மருந்து கட்ட வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பெற்றோல் இல்லாத காலம். த்ரீவீல்காரர்கள் வரிசையில் நின்றார்கள், வந்தவர்களும் கேட்ட காசைக் கொடுத்தால்தான் வந்தார்கள். மகன் கட்டாரில். மகள் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போனபோது விட்டுப்போன ஸ்கூட்டி கடையின் பின்பக்கத்தில் பழைய படுக்கை விரிப்பால் மூடப்பட்டிருந்தது. அதன் மேல்தான் நாங்கள் வாராந்தப் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தோம்.

"அவருக்கு இன்னம் ஒன்டும் சொல்லல்ல. பாஸானா சொல்றன்" என்றார்.

பகல் சாப்பாடு முடிந்து, லுஹர் தொழுதுவிட்டு வருவார். நான் மேசையில் இருந்தபடி கேள்வி கேட்பேன். சைகைகளை ஒரு வாரத்தில் பாடமாக்கிவிட்டார். சந்தியில் யார் முதலில் போகவேண்டும் என்ற கேள்விகளில்தான் எப்போதும் பிழைவிட்டார்.

"மூண்டு வாகனமும் ஒரே நேரத்தில வந்திட்டுது. நீங்கள் இந்தச் சிவப்பு வாகனம். ஆர் முதல்ல போறது?"

"நான் நிப்பன். அவங்க ரெண்டு பேரும் போகட்டும்."

"ராத்தா, இதில உங்களுக்குத்தான் முன்னுரிமை."

"இருந்தா என்ன? அவங்களுக்கு அவசரமா ஈக்கும்."

"அப்பிடி ஒரு விடை இதில இல்லை."

அவர் படத்தை மறுபடி பார்ப்பார். தன்னுடைய சிவப்பு வாகனம் மற்ற இரண்டுக்கும் முன்னால் போவதை அவரால் இலகுவில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பரீட்சைக்காக ஒத்துக்கொண்டார்.

இதைக் கேள்விப்பட்டு அடுத்த ஒழுங்கையிலிருந்து அவரது மச்சாளின் மகள் வந்தாள். பிறகு ஒரு முன்பள்ளி ஆசிரியை, சிங்களவர், தன் மொழிப் புத்தகத்துடன் வந்தார். என் உதவியாளரின் தங்கை கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள், அவளும் லீவு நாளில் வந்தாள். ஹாஜியாரின் நீளமான கடையில் பெண்கள் கூட்டமாக இருந்து, ஒரே கேள்வியை இரண்டு மொழியில் கேட்டு, இரண்டு மொழியிலும் பிழையாக விடை சொல்லிச் சிரிப்பது வழக்கமாயிற்று.

இது எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஓய்வுபெற்ற அலுவலக இலிகிதர் ஒருவர் எங்கள் நூலகத்துக்குத் தினமும் வருவார். டவுணில் பிறந்து வளர்ந்தவர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மூன்று மொழிப் பத்திரிகைகளையும் கடைசிப் பக்கம்வரை வாசிப்பவர். பழைய கட்டடத்தில் வாசிப்பறையின் ஜன்னலோரக் கதிரை அவருடையது. கடையில் அவருக்குக் கிடைத்தது கண்ணாடிக்கு முன்னால் ஒரு ஸ்டூல்.

"மிஸ், இது லைப்ரரியா, ட்ரைவிங் ஸ்கூலா?" என்று ஒருநாள் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"கொஞ்ச நாளைக்குத்தான் ஐயா. புதுக் கட்டடத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிடும்."

நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

கடைசியில் வேலை மறுபடி தொடங்கியது. வேறு ஒப்பந்தக்காரர் வந்தார். அதே தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதே சப்பாத்துடன் வந்து நின்று, கூரையை ஏற்றி, தரைக்கு டைல் பதித்து முடித்தார். படிகளுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி போவதற்கு ஒரு சாய்தளமும் போட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது வெளிச்சம் நிறைய இருந்தது. மண்டபத்தின் பள்ளத்துப் பக்கச் சுவர் முழுக்க ஜன்னல். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அவரிடம் அதை உடனே சொல்லவில்லை.

சில்லு வைத்த அலுமாரிகள் வந்தன. புத்தகங்களை அடுக்கி முடித்து அடுத்தநாள் காலை கதவைத் திறந்தபோது அவை வைத்த இடத்தில் இல்லை. எல்லாம் பள்ளத்துப் பக்கம் நகர்ந்து ஜன்னலோரம் கூடி நின்றன. டைல் போட்டவர்கள் தரையை மட்டமாகப் போட்டதாகச் சத்தியம் பண்ணினார்கள். உதவியாளர் ஒரு கோலியை வாங்கிவந்து தரையில் வைத்தார், அது அமைதியாக உருண்டு போயிற்று.

"கண்டியில எங்க மிஸ் மட்டமான எடம் இருக்கு?" என்றார். பலகைத் துண்டுகளை ஆப்பாக வெட்டி ஒவ்வொரு சில்லுக்கும் கீழே வைத்தார். இன்றைக்கும் அலுமாரிகள் அந்த ஆப்புகளில்தான் நிற்கின்றன.

திறப்பு விழாவன்று அலுமாரிகளை எல்லாம் சுவரோரம் தள்ளி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே பூ வேலைத் துணி போர்த்தினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மேளம் அடித்தார்கள், கண்டிய நடனம் ஆடினார்கள், தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோலாட்டம் ஆடினார்கள். நன்றாகவே இருந்தது. விழா முடிந்து சிற்றுண்டி சாப்பிடும்போது அதிதிகளில் ஒருவர் என்னிடம், "மண்டபம் அழகு. நூலகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் துணியைத் தூக்கிக் காட்டினேன்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் மண்டபம் சும்மா கிடந்தது. கலை இலக்கிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும் கொடுப்பதென்று நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது. எங்கள் பகுதியில் தினமும் கலை இலக்கிய நிகழ்ச்சி நடத்த யார் இருக்கிறார்கள்? மேடை தூசி பிடித்தது.

ராத்தா ஒருநாள் வீதியைக் கடந்து வந்தார். சாய்தளத்தின் அடியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கு வாங்கோ ராத்தா."

"செருப்பக் கழட்டவா?"

"இல்லை, அப்பிடியே வாங்கோ."

சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் எதிர்ப்புறத்தில் தன் வீட்டை இங்கிருந்து பார்க்க முடியுமா என்று தேடினார், அது மறுபக்கம் என்று காட்டினேன். "எங்களுக்கு இப்ப கூடி இருக்க எடமில்ல மிஸ். கடையில கதிரையும் இல்ல, கேள்வி கேக்க ஆளும் இல்ல. தள்ளித் தள்ளிப் போன பரீட்சைத் திகதியும் கிட்ட வந்துட்டு. இங்க கொஞ்சம் இருக்க ஏலுமா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். குழுக் கூட்டத்தில் ஒருவர், "வாகனம் ஓட்டுவது பண்பாட்டு நிகழ்ச்சியா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மூன்று வருடத்துக்கு முன்பு அந்த மேசையில் இருந்திருந்தால் அதே கேள்வியை நானே கேட்டிருப்பேன். ஆனால் என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"அவர்கள் வருவது ஒரு புத்தகத்தை வாசிக்க. வாசித்ததைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள். ஒரு நூலகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?"

தொழில்நுட்ப உத்தியோகத்தரும் அங்கே இருந்தார். "நான் வெறும் மண்டபம் ஒன்றை வரையவில்லை. ஆட்கள் இருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். தலைவர் சிரித்துவிட்டு, வாரத்தில் இரண்டு பிற்பகல் கொடுக்கலாம், தடுப்பை மூடிவைக்க வேண்டும் என்றார்.

தடுப்பு பார்வையை மறைத்தது. சத்தத்தை மறைக்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் காதில் எதையோ செருகிக்கொண்டு சமாளித்தார்கள். ஓய்வுபெற்ற இலிகிதர் சில வாரம் வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பு எழும்போதெல்லாம் பத்திரிகையை மடித்து, மறுபடி விரிப்பார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு மாலை குட்ஷெட் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். கையில் பத்திரிகை வைத்திருந்தார்.

"ஐயாவை இப்ப காணவே இல்லை" என்றேன்.

"டவுன் லைப்ரரிக்குப் போறேன் மிஸ். பஸ் எடுக்கணும், ஆனா அங்க அமைதியா இருக்கு."

"நாங்கள் செய்தது உங்களுக்குப் பிடிக்கேல்லை என்ன?"

"அப்படிச் சொல்லாதீங்க. அந்தப் பொம்பளைங்க படிக்கிறது நல்ல விஷயம். எனக்குப் பக்கத்துல ஆள் பேசினா வாசிக்க ஓடாது, அவ்வளவுதான். இது என் கொறை."

அது அவருடைய குறை இல்லை என்று சொன்னேன். அவரது பஸ் வந்துவிட்டது. பழைய சுவர் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் இடம் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சுவரைப் பற்றித்தான் நான் அன்று பேச மறந்தேன்.

இதற்கிடையில் ஒரு கேள்வி நேரத்தில் ராத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "மிஸ், நீங்க இவ்வளவு நாளா கேள்வி கேக்கிற. ஒங்களுக்கு லைசென்ஸ் ஈக்கா?"

இல்லை என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் எனக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று.

எழுத்துப் பரீட்சைக்கு ஒரு வேனில் சேர்ந்து போனோம். நான் பரீட்சை எழுதிப் பல காலம். எல்லோரும் சித்தியடைந்தோம். சந்திக் கேள்வி வந்ததா என்று ராத்தாவிடம் கேட்டேன். "வந்த. என்னையே முன்னுக்குப் போட்டன்" என்றார்.

இனி ஹாஜியாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கு முன்பே அவர் மாடியிலிருந்து இறங்கி, ஸ்கூட்டியின் விரிப்பு கழற்றப்பட்டிருப்பதைக் கண்டுவிட்டார். மறுநாள் காலை நான் நூலகத்தைத் திறக்கும்போது பல்கனியிலிருந்து கூப்பிட்டார்.

"மிஸ், லைப்ரரிக்கு எடம் குடுத்தது நான். இப்ப ஏன்ட பொண்டாட்டி ரோட்டுல."

கோபமா பகிடியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஹெல்மட் நல்லதா ஒன்டு வாங்கச் சொல்லுங்க. மலிவானது வேணாம். நான் சொன்னா கேக்க மாட்டா" என்றுவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லேகலவுக்குப் போனோம். தொழிற்சாலைகள் பூட்டியிருக்கும், உள்வீதிகளில் வாகனம் இராது. என் உதவியாளருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதால் அவரே பழக்கினார். செங்கல் துண்டுகளை வைத்து எட்டு வரைந்தார். ஒவ்வொருவர் பின்னாலும் ஓடினார்.

"கீழ பாக்காதீங்க மிஸ். எங்க போகணுமோ அங்க பாருங்க, வண்டி தானா போகும்."

நான் செங்கல்லைத்தான் பார்த்தேன், வண்டி செங்கல்லுக்குத்தான் போயிற்று. ராத்தா இரண்டாவது ஞாயிறே எட்டை முடித்தார். கீழே விழவும் செய்தார், முழங்கை உரசிப்போயிற்று. வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று வெயிலிலும் கையை மூடிக்கொண்டு இருந்தார்.

வண்டி ஓட்டிக் காட்டும் ட்ரயல் நாளன்று அபாயாவின் ஓரத்தை ஊசி குத்தி உயர்த்தியிருந்தார். எனக்கு முன்னால் அவர் போனார். மெதுவாக, கால் ஊன்றாமல், எட்டை இரண்டு தரம் சுற்றி முடித்து வந்தார். பரிசோதகர் தலையை ஆட்டினார். எனக்கு முதலாவது வளைவிலேயே வண்டி சாய்ந்தது, காலை ஊன்றிவிட்டேன். அத்தோடு முடிந்தது. உதவியாளரின் தங்கையும் முன்பள்ளி ஆசிரியையும் சித்தி. மச்சாளின் மகளும் நானும் இல்லை.

ராத்தா எனக்காக வாசலில் காத்திருந்தார். சந்தோஷத்தைக் காட்டலாமா வேண்டாமா என்று தடுமாறியது அவரது முகத்தில் தெரிந்தது.

"சிரியுங்கோ ராத்தா, எனக்குக் கோவமில்லை" என்றேன்.

அப்போதுதான் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நானே கேள்வி கேட்டு, நானே வகுப்புக்கு இடம் பிடித்து, நானே தோற்றேன்.

ஆனால் ஹாஜியார் ஸ்கூட்டியில் ஏறச் சம்மதிக்கவில்லை. பெற்றோல் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அவர் த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனார். ராத்தா அவரது கிளினிக் கொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் போனார். வாரத்தில் இரண்டு நாள் இந்த ஊர்வலம் எங்கள் வாசலைக் கடக்கும். சந்தியில் மற்ற வாகனங்களுக்கெல்லாம் ராத்தா வழிவிட்டு நிற்பார், த்ரீவீல் முன்னால் போய்விடும். ஹாஜியார் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்ப்பார். ஒரு மழைநாள் த்ரீவீல் எதுவும் கிடைக்கவில்லை. மழை விட்ட இடைவெளியில் இருவரும் ஸ்கூட்டியில் போவதை நான் வாசலில் நின்று கண்டேன். ஹாஜியார் பின்னால் நிமிர்ந்து, இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, வீதியைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்தபடி இருந்தார். அதற்குப் பிறகு த்ரீவீல் வரவில்லை.

நான் மூன்றாவது தரம்தான் சித்தியடைந்தேன். வேலைக்கு இன்னமும் பஸ்ஸில்தான் வருகிறேன்.

இப்போது மண்டபம் சும்மா கிடப்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் லைசென்ஸுக்குப் படிக்க வரும் பெண்களுக்கு முன்பள்ளி ஆசிரியை கேள்வி கேட்கிறார், ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நாள் நடன வகுப்பு, மாதத்தில் ஒரு நாள் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், தமிழ்த் தினப் போட்டி நெருங்கினால் பிள்ளைகள் மேடையில் பேசிப் பழகுகிறார்கள். புத்தக இரவல் பெரிதாகக் கூடிவிட்டது என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் கூடியிருக்கிறது. ராத்தா சமையல் புத்தகமும் எடுக்கிறார், சில நேரம் நாவலும் எடுக்கிறார். நாவல் பிடிக்காவிட்டால் பாதியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவ ஏன் இப்படி அழுதுட்டே ஈக்கிறா?" என்று கேட்பார்.

போன வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேறு ஊர்ச் சபையொன்றிலிருந்து சிலரை அழைத்து வந்தார். அவர்களும் தங்கள் நூலகத்தை இப்படித் திருத்தப்போகிறார்களாம். மண்டபத்தைப் படம் பிடித்தார்கள், அலுமாரியின் ஆப்புகளையும் படம் பிடித்தார்கள். என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்று என்னைக் கேட்டார்கள்.

"ஒரு சுவரை விட்டுவையுங்கள்" என்றேன். "சின்ன அறையாக இருந்தாலும் போதும். கதவைச் சாத்தினால் சத்தம் வராத ஓர் அறை. அது இல்லாமல் திறக்க வேண்டாம்."

தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். "அன்றே சொல்லியிருக்கலாமே, மிஸ்."

"சொல்லியிருக்கலாம்தான்" என்றேன்.

அவர் அதோடு விடவில்லை. அடுத்த மாதம் வந்து சமையலறையை அளந்தார். அது பெரிதாகப் பயன்படாமல் இருந்தது, தேநீர் ஊற்றுவதற்கு ஒரு மேசை போதும் என்று எனக்கும் தோன்றியது. தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி, இரட்டைச் செங்கலில் சுவர் எழுப்பி, பள்ளத்துப் பக்கம் ஒரு ஜன்னல் வைத்தார்கள். அமைதியாக வாசிக்க நாலு கதிரையும் ஒரு மேசையும் போடலாம். கதவுக்குத் தடித்த கண்ணாடி சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. இப்போதைக்கு ஒரு திரை தொங்குகிறது. உயர்தரப் பிள்ளைகள் இரண்டு பேர் அதற்குள்ளேயே இருந்து படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.